முன்கூட்டியே சொன்ன வெற்றி

என் தம்பி தொலைக்காட்சியில் கால்பந்துச் செய்தியாளன். முதலில் கேமராக்காரர்களுக்கு ஒயர் சுருட்டிக் கொடுக்கப் போனவன்தான். ஒருநாள் செய்தியாளருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, இவன் கையில் மைக்கைத் திணித்தார்கள். ஆண்டவன் சித்தம், இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது.

அவன் மழையில் நனைந்துகொண்டு பேசுவதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. தலையைத் துவட்டுடா என்று டிவியைப் பார்த்தே சொல்லுவேன். என் வீட்டுக்காரர், "அவன் காதுல மாட்டியிருக்கிறதுல உன் குரல் கேக்காதும்மா" என்பார். தோற்ற அணியிடம் அவன் உடனே போய் மைக்கை நீட்ட மாட்டான். அவர்கள் தண்ணீர் குடித்து முடிக்கட்டும் என்று நிற்பான்.

அப்படிப்பட்டவனுக்கும் ஒருமுறை சறுக்கியது. ஆட்டம் முடியட்டும் என்று செய்தி நேரம் காத்திருக்காதே, அதனால் ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே முடிவைப் பேசிப் பதிவு செய்து அனுப்பிவிடுவார்கள். ஜெயித்தால் ஒன்று, தோற்றால் ஒன்று, சமன் ஆனால் ஒன்று என்று இவன் மூன்று பேசி அனுப்புவான். முடிவுக்குப் பொருந்துகிறதை நிலையத்தில் எடுத்துப் போடுவார்கள். அன்றைக்கு எங்கள் ஊர் அணி இரண்டு கோல் முன்னால் இருந்தது. இதற்கு எதற்கு மூன்று என்று வெற்றியை மட்டும் பேசி அனுப்பினான். கடைசி நான்கு நிமிடத்தில் எதிரணி இரண்டு கோல் போட்டுவிட்டது. பதறிப்போய் நிலையத்துக்குப் போன் போட்டான், கிடைக்கவில்லை. எட்டு மணிச் செய்தியில் எங்கள் ஊர் ஜெயித்துவிட்டது என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்கிறான். கீழே ஓடுகிற எழுத்தில் இரண்டுக்கு இரண்டு. ஊரே சிரித்தது.

மறுநாள் செய்திப் பிரிவுத் தலைவர் பிடித்தது அவனை அல்ல, எடிட்டிங் செய்த பெண்ணை. சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பார்க்காமல் எப்படிப் போட்டாய் என்று கேட்டு, அவளை வேலையை விட்டு நிறுத்தும் கடிதத்தை டைப் அடிக்கச் சொல்லிவிட்டார். தம்பி காதுக்கு இது எட்டியது. கூப்பிடாமலே அவர் அறைக்குள் போனான்.

"அந்தப் பொண்ணுக்கு நான் அனுப்பினதே ஒண்ணுதான் சார். வேற எதைப் போடும்? தப்பு என்னோடது."

"அப்ப நீதான்யா போகணும்."

"போறேன் சார். இன்னிக்கு எட்டு மணிக்கு நானே சொல்லிட்டுப் போறேன்."

சொன்னான். ஆட்டம் முடியும் முன்பே முடிந்ததாகச் சொன்னது நான்தான், மன்னியுங்கள் என்றான். போன் கிடைக்காத கதையை இழுக்கவில்லை. நான் ஈரக்கையைக்கூடத் துடைக்காமல் நின்று ஆண்டவனைக் கும்பிட்டேன்.

கடிதத்தைக் கிழித்தார்கள். இவனையும் அனுப்பவில்லை. ஆனால் அந்த வருஷத்து ஆட்டங்கள் முடிகிறவரை மைதானத்துக்கு விடவில்லை. நிலையத்தில் உட்கார்ந்து கோல் கணக்கை டைப் அடிக்க வைத்தார்கள். மைதானம் இல்லாமல் அவன் முகம் வாடித்தான் போனது. வருத்தமாடா என்று கேட்டேன்.

"இருக்குக்கா. ஆனா அந்தப் பொண்ணு பக்கத்து மேசைதான். அது வேலை பாக்குறதப் பாத்தா சாப்பாடு இறங்குது."