கால்சியம் இல்லாத தண்ணீர்

தில்லியில் கடல் ஏது? எங்கள் ஆய்வகத்து ஜெல்லிமீன்களுக்கு, வாளித் தண்ணீரில் உப்புகளை நிறுத்துப் போட்டுக் கடல்நீர் கலந்து கொடுத்தவர் எங்கள் ஆய்வக உதவியாளர். ஒல்லியான மனிதர். உப்பு பட்டுப் பட்டு விரல் நுனிகள் வெளுத்திருக்கும். தொட்டியைக் கடக்கும்போதெல்லாம் நின்று, ஜெல்லிமீனின் குடை சுருங்கி விரிவதற்கு ஏற்பத் தன் கையையும் மூடித் திறப்பார்.

கால்சியம் இல்லாத நீரில் விட்டால் ஜெல்லிமீனின் தசை சுருங்காது, துடிப்பு நின்றுவிடும். சீக்கிரமே கால்சியம் சேர்த்தால் மறுபடி துடிக்கும். அதுதான் என் சோதனை.

தமிழர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்பில் வீடு இடிபட்ட பிறகு, அவர் மாற்று வீடு கிடைத்த, நகரின் மறுகோடியிலுள்ள நரேலாவிலிருந்து மூன்று பஸ் மாறி வந்தார். ஒருநாள் அவர் ஒன்பதுக்கு வந்துவிடுவார் என்று நம்பி, ஒரு ஜெல்லிமீனைக் கால்சியம் இல்லாத நீருக்கு மாற்றிவிட்டேன். கடல்நீர் கலக்கவோ கால்சியத்தை அளந்து சேர்க்கவோ நான் கற்றுக்கொண்டதே இல்லை; சோதனையில் இருந்ததைத் தொட்டியில் திருப்பி விடவும் கூடாது. அவர் வந்தபோது மதியம். அவசரமாகக் கால்சியம் சேர்த்தார். அசைவில்லை. குடையின் ஓரம் நூல் நூலாகப் பிரிந்து மிதந்தது.

"இன்னும் கொஞ்சம் போட்டுப் பாருங்கண்ணே."

"டைம் தாண்டிட்டா எதப் போட்டாலும் ஏறாது மேடம். உடம்பச் சேத்துப் புடிச்சிருக்கறதே அந்தக் கால்சியந்தான்."

பேச்சை மாற்ற, புது வீடு எப்படி என்று கேட்டேன்.

"அச்சாதான். செவுரு, கதவு எல்லாம் இருக்கு."

வாளியைக் கழுவி வைத்துவிட்டு, வழக்கம்போலத் தொட்டியருகே நின்றார். விரித்த கை விரித்தபடியே இருந்தது. மறுவாரம் முதல் அவர் வரவில்லை. அன்று ஏன் தாமதம் என்றுகூட நான் கேட்கவில்லை.