முறுக்காத கிளாம்ப்

அந்தத் தெருவில் அவனுக்குக் கொதிகலன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் பட்டறைப் பலகையில்கூட இல்லை. ஜீப்போ, சேற்றில் ஓடுகிற வண்டியோ, எது வந்தாலும் பிரித்து மாட்டுவான். பேச்சு முற்றினால் வண்டிக்காரனையும் பிரித்து மேய்ந்துவிடுவான். அவனுக்கு முன்கோபம் என்று சொன்னால் அது வெறும் மரியாதைப் பேச்சு. கோபம் முதலில் வந்து சேரும், ஆள் பின்னால் வருவான். பட்டறையின் தகர ஷட்டரில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஒரு டயர்க்காரனின் தலை இடித்து உண்டானது. “கியர்பாக்ஸுக்கெல்லாம் கூலர் வெக்கிறியே, முதல்ல உனக்கு ஒண்ணு வெச்சுக்கக் கூடாதா?” என்று பக்கத்து வெல்டர் கேட்பார். கேட்டுவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொள்வார்.

அவனுடைய கோபங்களிலேயே பெரிய கோபம் தங்கை புருஷன்மேல். மாப்பிள்ளை பஸ் கண்டக்டர். பஸ்ஸில் குழந்தைக்காரிக்கு இடம் பிடித்துக் கொடுக்கிற நல்ல மனுஷன். வீட்டில் பெல்ட்டைக் கழற்றினால் பக்கிள் இருக்கிற பக்கத்தால்தான் அடிப்பான்.

தங்கை ஏற்கெனவே ஒரு தடவை கிளம்பிப் பார்த்தாள். மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில் வேலை இருந்தது. பஸ்ஸில் போக வழியில்லை. மலையில் ஓடுகிற அத்தனை பஸ்ஸிலும் மாப்பிள்ளையின் கூட்டாளிகள். இருந்தது அப்பா விட்டுப்போன பழைய ஜீப், ஆட்டோமேட்டிக் கியர். காட்டுப் பாதையில் சுமையோடு மெதுவாக ஏறினால் கியர் ஆயில் கொதித்துவிடும். கொதித்தால் கியர் பிடிக்காது, வண்டி பின்னால் உருளும். அந்த ஆயிலை ஆற்றத்தான் தனியாக ஒரு கூலர். அதை மாட்டினவன் கொதிகலன். கூலர் குழாயை இறுக்கிப் பிடிக்கிற கடைசிக் கிளாம்பை முறுக்கப் போகிற நேரத்தில் மாப்பிள்ளை வாசலில் வந்து நின்று ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று இன்றைக்கு யாருக்கும் ஞாபகமில்லை. கொதிகலன் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாகப் பாய்ந்தான். இருவரும் தெருவில் கட்டிப் புரண்டார்கள். மாப்பிள்ளைக்கு இரண்டு பல் போனது. இதுதான் சமயமென்று தங்கை தன் மகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டாள்.

பாதி மலையில் அந்த முறுக்காத கிளாம்ப் கழன்றது. கொதிக்கிற ஆயில் பாதையெல்லாம் கொட்டி வண்டி நின்றது. ரத்தம் ஒழுகும் வாயோடு மாப்பிள்ளை அங்கே போய்ச் சேர்ந்தான். போன பல்லுக்கெல்லாம் அவளிடம் பழி தீர்த்தான். மகள் பார்த்துக்கொண்டிருக்க, அவளுடைய இடது கையை இரண்டு இடத்தில் ஒடித்தான்.

கை கூடியபிறகு, கோணலாகத்தான் கூடியது, மறுபடியும் ஒரு நாள் அவள் ஜீப்போடு பட்டறைக்கு வந்தாள். பின் சீட்டில் மகள், பக்கத்தில் தையல் மெஷின்.

“நீ அவரை ஒண்ணு அடிச்சா எனக்கு ரெண்டா வந்து விழுதுண்ணா. இந்தத் தடவை கூலரை மட்டும் மாட்டு. எமனே வந்து நின்னாலும் கிளாம்பை விட்டுக் கையை எடுக்காத.”

கொதிகலன் தலையை ஆட்டினான்.

“வாயைத் திறந்து சொல்லு.”

“எடுக்க மாட்டேன். நாங்க மேல போய்ச் சேர்ந்தோம்னு நீ போன் பண்ற வரைக்கும் கையையே ஓங்க மாட்டேன். போதுமா?”

அலமாரியில் இரண்டு கூலர் இருந்தன. ஒன்று வளைந்து வளைந்து போகிற ஒற்றைக் குழாய், போன தடவை மாட்டின ஜாதி. மற்றது தட்டுத் தட்டாக அடுக்கினது. ஏற்றத்தில் வண்டி ஆமையாக நகரும்போது காற்று தானாக வந்து மோதாது. ஆகவே தட்டடுக்கையும் அதற்கென்று ஒரு சின்ன ஃபேனையும் எடுத்தான். ரேடியேட்டருக்கு முன்னால், அதை உரசாதபடி, இரும்புப் பட்டை வைத்து ரப்பர் கொடுத்துப் போல்ட் போட்டான். ரேடியேட்டருக்குள் பிளாஸ்டிக் டேக்கைக் கோத்துக் கூலரைக் கட்டுகிறவன் கையை வெட்ட வேண்டும் என்பது அவன் கொள்கை. ஆடி ஆடி அது ரேடியேட்டரையே ஓட்டை போட்டுவிடும். அடுத்தது குழாய். ரேடியேட்டரில் ஒரு சுற்று ஆறின ஆயில், கியர்பாக்ஸுக்குத் திரும்புகிற வழியில் கூலருக்குள் நுழைய வேண்டும். ஒரு குழாயைக் கழற்றி, தங்கையை ஒரு நொடி ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, ஆயில் எந்தப் பக்கமிருந்து துப்புகிறது என்று பார்த்துத்தான் திரும்புகிற குழாயைத் தீர்மானித்தான்.

“ஆயில் கேன் பின்னாடி இருக்கு. காட்டுக்குள்ள போனதும் நிறுத்தி, என்ஜின் ஓடும்போதே அளவு பாரு. குறைஞ்சிருந்தா ஊத்திக்கோ.”

எதிர் பேட்டரிக் கடைக்காரனுக்குப் பிறர் வீட்டு விஷயம் என்றால் அல்வா. ஜீப்பைப் பார்த்ததும் மாப்பிள்ளைக்குப் போன் போட்டுவிட்டான். மூன்று கிளாம்ப் முடிந்து நான்காவதில் கொதிகலன் ஸ்க்ரூ டிரைவரை வைத்தபோது வாசலில் பைக் வந்து நின்றது. அவன் வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்தான். கால் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

“வெளிய வா மச்சான்! பல்லுக்குப் பதில் சொல்லு!”

வீல் ஸ்பேனர் அவன் முட்டியில் இறங்கியது. கொதிகலன் வாயில் வந்த கெட்ட வார்த்தையையெல்லாம் கத்தினான். கை மட்டும் முறுக்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது அடி கணுக்காலில். மூன்றாவதற்கு மாப்பிள்ளை குனிந்து ஸ்பேனரை உள்ளே வீசினான். அது வலது கை விரல்களைச் சேஸிஸோடு வைத்து நசுக்கியது. எலும்பு முறிகிற சத்தம் அவனுக்கே கேட்டது. ஸ்க்ரூ டிரைவரை இடது கைக்கு மாற்றினான். இனிமேல் திரும்பாது என்கிற வரை முறுக்கினான். குழாயை இழுத்துப் பார்த்தான். அசையவில்லை.

உருண்டு வெளியே வந்தபோது மாப்பிள்ளை டிரைவர் பக்கக் கதவைத் திறந்து அவள் முடியைப் பிடித்திருந்தான். மகள் வீறிட்டாள். கொதிகலன் நொண்டிக்கொண்டே போய் அவனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தான். குத்தவில்லை, உதைக்கவில்லை, கட்டி மட்டும் பிடித்தான். மாப்பிள்ளை பின்மண்டையால் இடித்ததில் கொதிகலனின் மூக்கு உடைந்தது. பிடியை விடவில்லை.

“எடு வண்டியை!”

ஜீப் சீறிக்கொண்டு வெளியே போனது. பின்தொடர பைக் வாசலில் தயாராக நின்றது. கொதிகலன் மாப்பிள்ளையை உள்ளே தள்ளி, ஷட்டரை உள்ளிருந்தே இழுத்துப் பூட்டி, சாவியைப் பழைய ஆயில் டிரம்முக்குள் எறிந்தான். மாப்பிள்ளை போனை எடுத்தான். அதையும் பிடுங்கி அதே டிரம்முக்குள் போட்டுவிட்டு, ஷட்டரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டான்.

ஜீப் மலை ஏறுகிற நேரம் முழுக்க மாப்பிள்ளை அவனை அடித்தான். ஸ்பேனர் சலித்ததும் பெல்ட்டைக் கழற்றினான். பக்கிள் தோளில், காதில், கன்னத்தில் விழுந்தது. அவள் எதை வாங்கிக்கொண்டிருந்தாள் என்று கொதிகலனுக்கு அன்றைக்குத்தான் உடம்பில் தெரிந்தது. அதுவரை யாரையும் அவன் அவ்வளவு வெறுத்ததில்லை. கொன்றுவிட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் வண்டி மறுபடி நின்றுவிட்டால் தான் கொடுக்கிற ஒவ்வொரு அடியும் அவளுக்கு இரண்டாகப் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு கிளாம்பையே நினைத்துக்கொண்டிருந்தான்.

சட்டைப் பையில் போன் அடித்தது.

“மேல வந்துட்டோம்ணா. கியர் ஒரு இடத்துலகூட வழுக்கல. சூட்டு முள்ளு பாதியைத் தாண்டல.”

“ஆயில் ஒழுகுதா?”

“கீழ படுத்துப் பாத்தேன். ஒரு சொட்டு இல்ல.” பிறகு அவளே கேட்டாள்: “அவரை அடிச்சியா?”

“கையே ஓங்கல.”

“சரி. இனிமே உன் இஷ்டம்ணா.”

கொதிகலன் ஷட்டரைப் பிடித்து எழுந்தான். மாப்பிள்ளைக்கு அந்தப் பேச்சு கேட்டிருந்தது. பெல்ட் கையிலிருந்து நழுவியது. பூட்டின பட்டறையின் மூலைக்குப் போய் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

கொதிகலன் வலது கையை மடக்கிப் பார்த்தான். விரல்கள் ஒவ்வொன்றும் ஹோஸ் பைப் தடிமனுக்கு வீங்கியிருந்தன, முஷ்டி சேரவில்லை. இடது கையால் அடித்து அவனுக்குப் பழக்கமில்லை. அரைகுறை வேலை செய்வதில்லை என்று அன்று காலையில்தான் முடிவெடுத்திருந்தான். டிரம்முக்குள் தோள்வரை கையை விட்டுச் சாவியைத் துழாவி எடுத்து ஷட்டரைத் திறந்துவிட்டான்.

“கை மடங்க மாட்டேங்குது மாப்பிள்ளை. வீக்கம் வடியட்டும். அப்புறம் வா.”

மாப்பிள்ளை பைக்கைக்கூட எடுக்காமல் ஓடினான். அந்தப் பைக் இன்னும் பட்டறை வாசலில் துருப்பிடித்துக் கிடக்கிறது. வீக்கம் வடிந்து ரொம்ப நாளாகிறது. கொதிகலன் தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் வலது கையை ஒரு தடவை மடக்கிப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறான்.