பக்கத்தில் நின்ற கப்பல்

திருகோணமலைத் துறைமுகத்தின் வானொலி அறையில் எனக்கு வேலை. வந்து போகிற கப்பல்களோடு கதைப்பதுதான் தொழில். அங்கே நான் அதிகம் சொல்கிற ஆங்கிலம் ‘ஸ்டாண்ட் பை’. இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரன் எப்படித்தான் காலத்தை ஓட்டினானோ! நான் கப்பலிடம் சொன்னால், கொஞ்சம் பொறு. கப்பல் என்னிடம் சொன்னால், நீ கூப்பிட்டால் கேட்கும், காது உன் பக்கம்தான். நங்கூரம் பார்க்கிறவர்களுக்குச் சொன்னால், இறக்கத் தயாராக நில். வீட்டில் பிள்ளைகள் ஒரே நேரத்தில் சோறு கேட்டாலும் நான் அதையே சொல்வேன். அவர்களுக்கு மட்டும் அது எந்த அர்த்தத்திலும் விளங்குவதில்லை.

கைவிடாமல் கூட நிற்பது என்றும் ஒரு அர்த்தம் உண்டு. அதெல்லாம் கல்யாண வாழ்த்து அட்டைகளுக்கு என்று நினைத்திருந்தேன்.

போன மாரியில் ஒரு காலை திரியாயிலிருந்து தம்பியின் மனைவி அழைத்தாள். எனக்கு ஒரே தம்பி. முதல் நாள் பின்னேரம் இரண்டு பேரோடு சின்ன போட்டில் மீன்பிடிக்கப் போயிருந்தான்.

“மச்சாள், இவர் இன்னும் வரேல்லை. போனும் வேலை செய்யேல்லை. கடல் சரியான மோசம்.”

“பயப்படாதேங்கோ மச்சாள், நான் பாக்கிறன்,” என்றேன். எதைப் பார்ப்பது என்று எனக்கே தெரியாது. கடலில் நின்ற கப்பல்களுக்கெல்லாம் சொல்லி வைத்தேன்.

மத்தியானம் ஒரு சரக்குக் கப்பல் கூப்பிட்டது. எஞ்சின் நின்றுபோன படகு, மூன்று பேர், தண்ணீர் ஏறுகிறது என்றார் கப்டன். படகில் எழுதியிருந்த இலக்கத்தை வாசித்தார். தம்பியின் போட்தான். கிட்டப் போய் ஏற்ற முடியாது, அலையில் படகு கப்பலோடு மோதி நொறுங்கிவிடும், மீட்புப் படகை அனுப்புங்கள் என்றார். “வரும்வரை ஸ்டாண்ட் பை,” என்றார்.

சொன்னதோடு விடவில்லை. காற்றை மறித்துக் கப்பலைக் குறுக்கே நிறுத்தினார். அந்த மறைவில் அலை கொஞ்சம் அடங்க, தம்பியும் மற்ற இரண்டு பேரும் தண்ணீரை இறைத்துக் கொட்டினார்கள். காற்று கப்பலைத் தள்ளிக்கொண்டு போகும். அவர் சுற்றிக் கொண்டுவந்து திரும்பவும் அதே இடத்தில் நிறுத்துவார். நான் ஓயாமல் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். நானாக இருந்தால் எரிந்து விழுந்திருப்பேன். அவர் ஒவ்வொரு தடவையும் பொறுமையாகப் பதில் சொன்னார். அந்த மனிதரின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. சாகும்வரை அவருக்கு நன்றியோடு இருப்பேன்.

பின்னேரம் மீட்புப் படகு போய் மூவரையும் ஏற்றிக்கொண்டது. மச்சாளுக்குச் சொன்னேன். அவள் அழுதாள், நானும் அழுதேன்.

அதற்குள் கப்டன் பயணத்தைத் தொடரலாமா என்று கேட்டார். வானொலியில் சொந்தக் கதை கதைக்கக் கூடாது. அன்றைக்குக் கதைத்தேன். “அதில் ஒருவன் என் தம்பி. நன்றி,” என்றேன். அதற்குமேல் ஆங்கிலம் வரவில்லை.

அவர் என் தம்பியின் பெயரைக் கேட்டார். யாருக்காக நின்றேன் என்று ஊரில் அம்மாவுக்குச் சொல்ல வேண்டுமாம். சொன்னேன். அவர் வாயில் அது துண்டு துண்டாக உடைந்தது. நான் திருத்தினேன், அவர் திரும்பச் சொன்னார், சரியாக வரும்வரை. அந்த அலைவரிசையில் எத்தனையோ கப்பல்கள் கேட்டுக்கொண்டிருந்தன. ஒன்றுகூட இடையில் பேசவில்லை.