பச்சையாகவே நின்ற நாலு டிகிரி

பிள்ளைகளா, வேலையில் அப்பாவுக்குக் கோபம் வந்த நாட்கள் அதிகம் இல்லை. வந்த ஒரு நாளை எழுதி வைக்கிறேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

நான் படித்தது பிளஸ் டூ வரைதான். ஒரு தனியார் பால் கம்பெனிக்கு சென்சார் மாட்டும் வேலை. பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்துக் கிராமங்களில் பாலை வாங்கிப் பெரிய கூலர் டேங்கில் குளிர வைப்பார்கள். டேங்கில் நான் மாட்டிய சென்சார், உள்ளே இருக்கும் சிம் வழியாக, எத்தனை டிகிரி என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஆபீசுக்குச் சொல்லும். நாலு டிகிரி என்றால் திரையில் பச்சை. ஏறினால் சிவப்பு.

அன்று காலை அப்படி ஒரு பால் சென்டருக்கு அவசரமாகக் கூப்பிட்டார்கள். டேங்க் பால் முழுக்கத் திரிந்து கிடந்தது. சென்டரைப் பார்த்துக்கொள்ளும் லூர்து அக்கா, கம்பெனி சூப்பர்வைசர் கொடுத்த ஒரு தாளோடு நின்றிருந்தார். டேங்கைச் சரியாகக் கழுவாதது தன் தவறு என்று அதில் எழுதியிருந்தது. அவர் கையெழுத்து மட்டும் பாக்கி. போட்டால் வேலை போகும். பால் ஊற்றும் ஊர்க்காரர்கள் எல்லாரிடமும் பேரும் போகும்.

“நேத்து சாயங்காலமே ரெண்டு தடவ போன் பண்ணுனனுங்க சார்! டேங்குல கைய வெச்சா சில்லுனு இல்ல, மிஷினும் ஓடலன்னு சொன்னனுங்களா இல்லீங்களா?”

சூப்பர்வைசர் தன் போனை நீட்டினார். “இங்க பாரும்மா, பச்சை. நாலு புள்ளி ரெண்டு. கூலிங் ஆயிடுச்சுன்னா மிஷின் தானா நிக்கும்னு அப்பவே சொன்னேன்ல?”

“உன் கைக்குத்தான் ஜுரம்னும் சொன்னீங்க. அதையும் சேத்துச் சொல்லுங்க.”

அவர் என் பக்கம் திரும்பினார். “சென்சார் நல்லா இருக்குதுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துட்டுப் போப்பா.”

சென்சார் பெட்டியைப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. “இதுல கரண்டே இல்லீங்க சார். உங்க போன்ல மட்டும் எப்படிங்க பேசுது?”

“இப்பத்தான் போயிருக்கும்.”

பழைய ரீடிங்கைத் திறக்கச் சொன்னேன். கறந்த பால் வெதுவெதுப்பாக வரும். ஊற்ற ஊற்ற டேங்கில் சூடு ஏறி, பிறகுதான் மெல்ல இறங்கும். மற்ற நாட்களில் கோடு அப்படித்தான் ஏறி இறங்கியிருந்தது. நேற்று மட்டும் மத்தியானத்திலிருந்து ஒரே நேர்கோடு.

“ஊர்ப் பால் பூரா ஊத்தியும் ஒரு புள்ளி கூட ஏறாத டேங்கு எங்கீங்க சார் இருக்குது?”

சென்சார் மத்தியானமே பேச்சை நிறுத்திவிட்டது. அது கடைசியாகச் சொன்ன எண்ணையே ஆபீஸ் சாஃப்ட்வேர் பச்சையில் காட்டிக்கொண்டிருந்தது. ஆஃப்லைன் ஆனதைக் காட்ட அதில் ஒரு ஏற்பாடும் இல்லை. அதை நம்பினார்கள். டேங்கில் கை வைத்துப் பார்த்தவரை நம்பவில்லை.

சூப்பர்வைசரிடமே சாவி வாங்கிப் பேனலைத் திறந்தேன். பாலைக் குளிர வைக்கும் கம்ப்ரசரின் லைன் ட்ரிப் ஆகி, கரண்ட் நின்றிருந்தது. அங்கே என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. பக்கத்தில் இருக்கிறதே என்று அதே லைனிலிருந்து சென்சாருக்குக் கரண்ட் இழுத்தவன் நான்தான். கம்ப்ரசர் நின்றால் சத்தம் போட வேண்டிய சென்சார், அதோடு சேர்ந்தே அணைந்துவிட்டது.

ரிப்போர்ட்டில் எல்லாவற்றையும் எழுதினேன்.

“உன் பேரையே எழுதுறியே, கிறுக்கா உனக்கு?”

“அக்கா பேர எழுத நீங்க இருக்கறீங்க சார். என் பேர நாந்தானுங்களே எழுதணும்?”

லூர்து அக்கா கையெழுத்துப் போடவில்லை. வேலையும் போகவில்லை. சென்சாருக்குத் தனி லைன் இழுத்து பேட்டரியும் வைத்தேன். இப்போது கால் மணி நேரம் சென்சாரிடமிருந்து தகவல் வரவில்லை என்றால் திரையில் எண் மறைந்து ‘தொடர்பு இல்லை’ என்று வரும். அதைச் செய்ய ஆபீஸ்காரர்களுக்கு ஒரு வாரம் போதுமானதாக இருந்தது. அக்காவிடம் மன்னிப்புக் கேட்க மட்டும் இன்று வரை யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

நாளைக்கு நீங்களும் ஏதாவது ஆபீசில் திரைக்கு முன்னால் உட்காரலாம். நேரில் நிற்கிற ஒருவர் போன் செய்து, “இங்கே சரியில்லை” என்று சொன்னால், திரையைப் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள். எழுந்து போய்ப் பாருங்கள்.