விறகுப் படகில் பழவேற்காடு வரை

வெள்ளிக்கிழமை, காலை ஐந்தே முக்கால். திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் நானும் என் மனைவி அலமேலுவும் பட்டணம் போகும் வண்டிக்காக நின்றிருந்தோம். 1963, பங்குனி மாதக் கடைசி. நான் அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவன். புது இயந்திரங்களைப் பூட்டுவதற்காக எங்கள் பிரிவுக்கு நான்கு நாள் விடுமுறை விட்டிருந்தார்கள். கல்யாணமான இந்த ஆறு வருடத்தில் அலமேலு என்னிடம் வாய்விட்டுக் கேட்ட பயணம் ஒன்றுதான்.

"பேசின் பிரிட்ஜாண்ட ரயில்ல போவசொல்லோ கீழ பாய் கட்டிகினு படகு போவுமே, அதுல ஒரு தபா போவலாமா?"

எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. காஞ்சிபுரத்துக்கும் திருப்பதிக்கும் போவார்கள். வடக்கே கால்வாய் வழியாக, கடலோரமாகவே பழவேற்காடு வரை படகு போகிறது என்பதே பலருக்குத் தெரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ரயில் கட்டணம் ஆளுக்கு முப்பத்தைந்து நயா பைசா. ஏழு மணிக்கு பேசின் பிரிட்ஜில் இறங்கினோம். கால்வாய்க் கரையில் சவுக்கு விறகு மலைபோல் அடுக்கியிருந்தது. வடக்கேயிருந்து விறகு ஏற்றி வந்து இறக்கிவிட்டு, காலியாகத் திரும்பும் படகுகள்தான் ஆள் ஏற்றும். அன்று கிளம்பத் தயாராக இருந்தது ஒரே ஒரு படகு. படகுக்காரர் பெயர் எத்திராஜு. முப்பது வயது இருக்கும். தூங்கிப் பல நாளான கண்கள். எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம் அவரிடம் இடம் கேட்டது. "எடம் இல்ல" என்று திருப்பி அனுப்பிவிட்டார். படகில் இருபது பேர் படுக்கலாம்.

நான் திரும்பி நடக்கப் பார்த்தேன். அதற்குள் அவர் அலமேலுவைப் பார்த்துவிட்டார்.

அலமேலுவின் முகத்தில் சின்ன வயதில் வந்த பெரியம்மையின் தழும்புகள் உண்டு. அறியாதவர்கள் ஒருமுறை பார்த்ததும் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். இந்த ஆள் திருப்பவில்லை. நன்றாக நின்று பார்த்தார். பிறகு, மடித்து விட்டிருந்த என் சட்டைக் கைக்குக் கீழே பார்த்தார்.

"நீங்க வாங்க அண்ணாத்தே. ரெண்டு பேருக்கும் சேத்து ரெண்டு ரூபா குடு, போதும்."

சாதாரணமாக ஆளுக்கு இரண்டு ரூபாய் என்று விறகுக் கிடங்கில் சொல்லியிருந்தார்கள். நான் எதையும் சுலபத்தில் நம்புகிறவன் இல்லை. கடைக்காரர் கொசுறு கொடுத்தால் எடையில் எவ்வளவு குறைத்தார் என்று பார்ப்பேன். ஆனால் அலமேலு அதற்குள் பலகையில் ஏறிவிட்டாள்.

எட்டு மணிக்குப் படகு நகர்ந்தது. எத்திராஜுவின் மைத்துனர் கோவிந்தன் கரையில் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்தபடி நடந்தார். எத்திராஜு கழியால் ஊன்றினார். மணிக்கு இரண்டு மைல்கூட இருக்காது. படகின் பின்பாதியைப் பனையோலைப் பாயால் முழுக்க மறைத்து, நான்கு மூலையிலும் கட்டியிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் இரண்டடி வைத்ததுமே எத்திராஜு கழியை நிறுத்தினார்.

"பின்னாடி போவாதே அண்ணாத்தே. அது நம்ம சாமான்."

மதுவிலக்கு இருந்த காலம். என்ன சாமான் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூக்கைக் கூர்மையாக்கிப் பார்த்தேன். வேப்பிலை வாசனைதான் வந்தது. சாராய நெடியை மறைக்க நல்ல வழி என்று நினைத்துக்கொண்டேன். போலீஸ் பிடித்தால் எங்களையும் சேர்த்துத்தான் பிடிக்கும். ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தால் படகைச் சோதனை போட மாட்டார்கள் என்றுதான் பாதிக் கூலிக்கு ஏற்றியிருக்கிறார் என்பது என் கணக்கு.

பன்னிரண்டு மணிக்கு மழை பிடித்தது. பங்குனியில் அப்படி ஒரு மழையை நான் பார்த்ததில்லை. கிழக்கே மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் கடல் இரைந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. உப்பளங்கள் கரைந்து வெள்ளைச் சேறாகக் கிடந்தன. எண்ணூர் சேர மாலை ஐந்தாகிவிட்டது. பதினோரு மைல்.

அங்கே கரையில் ஒரு கொட்டகையில் டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது, அலமேலுவும் எத்திராஜுவும் படகோரமாகத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"இன்னா பேச்சு?" என்றேன்.

"குடிக்கத் தண்ணி கேட்டேன்" என்றாள். அவள் காலடியில் எங்கள் கூஜா நிறையத் தண்ணீரோடு இருந்தது.

இரவை அந்தக் கொட்டகையில் கழித்துவிட்டு, சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். காற்று தெற்கிலிருந்து வந்ததால் பாய் விரித்தார்கள். படகு இப்போது தானாகவே ஓடியது. காட்டுப்பள்ளியைத் தாண்டினோம். இரண்டு கரையிலும் சவுக்குத் தோப்பு, நடுநடுவே தாழம்புதர், விடாத தூறல். இந்த வழியில் போகிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்யும் இடம் இதுதான். ஆனால் அன்று நான் எதையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. மனைவியையும் படகுக்காரரையும் மாறி மாறிக் கவனித்துக்கொண்டிருந்தேன். பத்து மணி வாக்கில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது அலமேலு பக்கத்தில் இல்லை.

பின்பாதியை மறைத்திருந்த ஓலைப் பாய்க்குப் பின்னால் பேச்சுக் குரல் கேட்டது. நான் எழுந்து போய்ப் பாயின் ஓரத்தில் நின்றேன். எத்திராஜு முன்பக்கம் பாய்க்கயிற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் உன்னாட்டந்தான் ஆவுமா அக்கா?" இளம் பெண்ணின் குரல், களைத்துப்போன குரல்.

"கொஞ்சம் ஆவும். சொறியாம இரு. கண்ணு ரெண்டும் நல்லா கீது இல்ல, அதுவே பெரிசு." இது அலமேலு.

"உன் ஊட்டுக்காரு உன் மூஞ்சியப் பாப்பாரா?"

வேப்பிலைக் கொத்தால் விசிறும் சத்தம் கேட்டது.

"நல்ல மனுசன். அடிச்சதில்ல, ஏசினதில்ல. பேசசொல்லோ சொவத்தப் பாத்துகினு பேசுவாரு, அவ்ளோதான். பொண்ணு பாக்க வெளக்கு வெச்சப்புறம் வந்தாங்க. ஏமாத்திட்டாங்கன்னு நெனச்சிகினு கீறாரு போல. எங்க நைனா பட்டப்பகல்ல தான் வரச்சொன்னாரு. வண்டி கெடைக்காம இவங்கதான் லேட்டா வந்தாங்க."

அவள் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. எங்களுக்கு அன்று மாட்டுவண்டி கிடைக்கவில்லை. என் மாமனார் திட்டம் போட்டு இருட்டில் காட்டினார் என்று ஆறு வருடமாக மனதில் வைத்திருந்தவன் நான்.

எத்திராஜு என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். கையெடுத்துக் கும்பிட்டார்.

"என் பொஞ்சாதி ஜெயா, அண்ணாத்தே. பதினோரு நாளா அம்மை. பக்கத்துக் குடிசைங்களுக்குத் தெரிஞ்சிபோச்சி, ஆஸ்பத்திரி வண்டி வந்துடும்னாங்க. அங்க போனவ திரும்ப மாட்டான்னு பயந்து, அவ அம்மா ஊட்டுக்கு இட்டுகினு போறேன். கூட ஒரு பொம்பள வரமாட்டேங்குது. அக்கா மூஞ்சியப் பாத்தேன். ஒரு தபா வந்தவங்களுக்கு மறுபடி வராது. உன் கையிலயும் அம்மை ஊசித் தழும்பு கீது. அதான் ஏத்திகினேன். நேத்து எண்ணூர்லதான் அக்காவாண்ட சொன்னேன்."

எனக்குக் கோபம் வரவேண்டிய இடம். சொல்லாமல் ஏற்றியது தப்பு, அதையே சொன்னேன். அதற்குள் அலமேலு பாயை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கையில் வேப்பிலைக் கொத்து.

"உன்னாண்ட சொன்னா எறங்கச் சொல்வே. அதான் சொல்லல" என்றாள் என்னிடம். பிறகு எத்திராஜுவிடம் திரும்பினாள். "இத்த நீ ஒளிச்சி வெச்சா அங்க கீற பசங்களுக்கு ஒட்டிக்கும். எனக்கு வந்தப்ப எங்க ஊட்டுலயும் ஒளிச்சாங்க. என் தம்பி ரெண்டு வயசு. அவன் போயிட்டான். மொதல்ல ஊசி போடறவங்களக் கூட்டிகினு வா. அப்புறமா இவள ஊட்டுக்குள்ள ஏத்து."

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

எத்திராஜு என்னைப் பார்த்தார். சர்க்கார் ஆட்களிடம் தனியாகப் போகப் பயப்படுகிறார் என்று புரிந்தது. "நான் கூட வரேன்" என்றேன்.

மாலை நான்கரைக்குப் பழவேற்காடு. கால்வாய் அகன்று ஏரியாகிறது. எதிர்க்கரை மழையில் தெரியவில்லை. தூரத்தில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நனைந்துகொண்டிருந்தன. படகைக் கரையிலிருந்து தள்ளியே நிறுத்திவிட்டு, நானும் எத்திராஜுவும் முழங்கால் தண்ணீரில் இறங்கி, ஊசி போடுகிறவர் தங்கியிருந்த இடத்தை விசாரித்துப் போனோம். அவர் குடையோடும் பெட்டியோடும் உடனே கிளம்பினார். ஜெயாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை. ஊருக்கு வெளியே, தோப்பில் ஒரு தனிக் குடிசையில் அவள் அம்மாவோடு வைக்கச் சொன்னார். அம்மா வீட்டுத் தெருவில் முப்பத்தொரு பேருக்கு ஊசி போட்டார். நானும் போட்டுக்கொண்டேன்.

அன்று ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் தங்கினோம். வாடகை ஒரு ரூபாய். ஞாயிற்றுக்கிழமை காலை ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தைப் பார்த்தோம். அலமேலு தண்ணீரில் கால் நனைத்தாள். தோப்புப் பக்கம் தூர நின்று பார்த்தோம். ஜெயா ராத்திரி கஞ்சி குடித்தாள் என்று எத்திராஜு சொன்னார். கூலியை வாங்க மாட்டேன் என்றார். நான் நான்கு ரூபாயாகக் கொடுத்தேன்.

பொன்னேரிக்கு பஸ், பன்னிரண்டு மைல். அங்கிருந்து ரயில். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அலமேலுவை நான் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"இன்னாய்யா, மூஞ்சில ஏதாச்சும் ஒட்டிகினு கீதா?"

"ஒண்ணுமில்ல. பாக்கறேன்."

அவள் முந்தானையை இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். மீஞ்சூர் தாண்டிய பிறகுதான் மறுபடி இந்தப் பக்கம் திரும்பினாள்.

பழவேற்காட்டில் வானமும் தண்ணீரும் எல்லை தெரியாமல் கிடக்கின்றன. திருமுல்லைவாயிலில் எங்கள் வீடு பத்தடிக்கு எட்டடி. சாப்பிடும்போது நான் வாசலைப் பார்த்து உட்காருவது வழக்கம். அடுப்பு எனக்கு முதுகுப் பக்கம் இருக்கும். திங்கட்கிழமை காலை தட்டை எடுத்துக்கொண்டு போய் அடுப்புக்கு எதிரில், அவளுக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"அங்க ஒக்காந்தா பொகை வரும்" என்றாள்.

"வரட்டும்" என்றேன்.