தரையில் முடுக்கிய பிரஸ்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த என் அக்கா, வேலையை விட்டுவிட்டு, ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கினாள். ஒப்பந்தம் எழுதியது மாமா, அவள் கணவர். ஏற்றுமதிப் பிரிவில் வேலை, இங்கிலீஷ் நன்றாக வரும். இதற்குப் போய் வக்கீல் எதற்கு என்று, தாங்கள் குடியிருந்த வீட்டின் வாடகைப் பத்திரத்தை எடுத்து, வீடு என்று வந்த இடத்திலெல்லாம் ஷெட் என்று மாற்றிவிட்டார்.

தொழில் வளர்ந்தது. பெரிய இடம் பார்த்துக் காலி செய்யப் போனபோது, ஷெட்டின் சொந்தக்காரரான பாயின் மகன் பத்திரத்தில் ஒரு வரியைக் காட்டினான். தரையிலும் சுவரிலும் பொருத்தியதெல்லாம் உரிமையாளருக்கே சேரும். வீடென்றால் அது அலமாரியும் கொக்கியும்தான். ஷெட்டிலோ தோல் வெட்டும் பிரஸ்ஸைத் தரையில் போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். அது இல்லாமல் தொழிலே இல்லை.

இதை யார் எழுதியது என்று அவன் சிரித்தபடி கேட்டான். மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"நாங்க ரெண்டு பேரும்தான். படிச்சுட்டுத்தான் கையெழுத்து போட்டோம்," என்றாள் அக்கா.

வீட்டுக்கு வந்தும் மாமாவை அவள் ஒரு சொல் சொல்லவில்லை. திருப்பத்தூரில் ஒரு பெண் வக்கீலைப் பார்த்தோம். வழக்குப் போடலாம், ஜெயிக்கவும் வாய்ப்பிருக்கிறது, ஆனால் தீர்ப்பு வரும்வரை பிரஸ் ஷெட்டுக்குள்ளேயே கிடக்கும் என்றார் அவர். பாய் மனது வைத்தால்தான் சீக்கிரம் முடியும் என்று, பிரஸ்ஸை எடுத்துப்போகலாம் என்று பாய் கையெழுத்துப் போட ஒரு சம்மதக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

பாய் உடம்பு முடியாமல் வீட்டோடு இருந்தார். அங்கேயே போய்ப் பார்த்தோம். அக்கா கெஞ்சவில்லை.

"பாய், கையெழுத்து போடறப்போ மிஷினும் உங்களுக்குத்தான்னு நெனச்சீங்களா?"

குறுக்கே பேச வந்த மகனை அவர் கையமர்த்தினார்.

"இல்லம்மா. ஷெல்ஃபு, ஸ்விட்ச் போர்டு, அவ்ளோதான் நெனச்சேன்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர் என்ன நினைத்தார் என்பதற்கு அவரைத் தவிர சாட்சி கிடையாது. மாற்றிச் சொல்லியிருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

புது இடத்துக்கு அந்த வக்கீலே ஒப்பந்தம் எழுதினார். கட்டடத்தை விற்றால் என்ன ஆகும், ஜெனரேட்டர் யாருடையது என்று அவர் கேட்கக் கேட்க மாமா குறித்துக்கொண்டார். புது உரிமையாளருக்கு ஒப்பந்தத்தின் நீளத்தைப் பார்த்ததுமே பேஜாராகிவிட்டது. அக்கா அவரை உட்காரவைத்து நிதானமாகப் படித்துக் காட்டினாள். பாதியில் அவரே நிறுத்தி, தன் பக்கத்துக்கும் ஒரு திருத்தம் கேட்டார்.