கேப்டன் பட்டையும் ஐந்தாவது கட்டமும்

எங்கள் ஃபுட்பால் அகாடமியில் கோல் கீப்பர்கள் இரண்டு வகை: பந்து உள்ளே போகாமல் பார்ப்பவர்கள், பிள்ளை வெளியே போகாமல் பார்ப்பவர்கள். இரண்டாவது வகையில் நான் ஒருத்திதான்.

மேடவாக்கம் போகிற ரோட்டில், தண்ணி லாரிகள் திரும்புகிற முனைக்குப் பக்கத்தில் எங்கள் மைதானம். ஆறு வருஷமாக அங்கே ஆபீஸ் வேலை பார்க்கிறேன். சேர்க்கை, ஜெர்சி சைஸ், மேட்ச் லிஸ்ட், வாட்ஸ்அப் குரூப்பில் வருகிற சண்டை எல்லாம் என் தலையில்தான். விலகல் படிவமும் என் டிராயரில்தான் இருக்கிறது. கேட்டவுடன் அதை எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது என்பது டைரக்டர் சார் எனக்குச் சொன்ன முதல் பாடம். அந்தப் படிவத்தில் காரணம் என்று நான்கு கட்டங்கள் உண்டு: படிப்பு, தூரம், உடல்நிலை, வீடு மாற்றம். நாலில் எதைச் சொன்னாலும் என்னிடம் பதில் தயார். படிப்பா, விளையாடுகிற பிள்ளைக்குத்தான் மூளை ஓடும். தூரமா, தூரத்திலிருந்து வருகிறவன்தான் முன்னுக்கு வருவான். இப்படி.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்கு எழுந்து, ஒரு கால் சாக்ஸைக் காணோம் என்று கட்டிலுக்கு அடியில் தவழ்கிற பெற்றோர்களே, உங்களுக்கு அந்தப் பதில்களைச் சொல்லி அனுப்பியது என்னைப் போன்றவர்கள்தான். திட்டுவதாக இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

தொண்டை போகிறதாம்

ஒரு அப்பா. ஐ.டி. கம்பெனிக்காரர். மகனுக்குப் பத்து வயது. பயிற்சி முடிகிற வரைக்கும் மனிதர் கோட்டுக்கு வெளியே நின்று கத்திக்கொண்டே இருப்பார். கோச் ஒன்று சொல்வார், இவர் வேறொன்று சொல்வார், பையன் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பான். அதற்குள் பந்தை வேறு எவனாவது கொண்டு போயிருப்பான். அதற்கும் கத்தல்.

ஒரு நாள் அந்தப் பையன் நேராக என் மேஜைக்கு வந்து, அகாடமியை விட்டு நின்றுவிடுவதற்கு ஏதோ ஃபார்ம் இருக்கிறதாமே ஆன்ட்டி, ஒன்று கொடுங்கள் என்று கேட்டான். பின்னாலேயே அப்பாவும் வந்துவிட்டார். நான் படிவத்தை எடுக்கவில்லை. ஆனாலும் அந்த முகத்தைப் பார்த்துப் பொறுக்காமல், ரொம்பக் களைத்திருக்கிறான் சார், ஒரு வாரம் விட்டுப் பிடியுங்கள் என்றேன். மனிதருக்கு வந்ததே கோபம். கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவனுக்கு என்ன மேடம், ஓடறதோட சரி. வெளிய நின்னு கத்தறவனுக்குத்தான் தொண்டை போகுது."

மஞ்சள் பட்டை

இப்படிப்பட்ட கேஸ்களுக்கு டைரக்டர் சார் ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார். யார் நின்றுவிடப் போவதாகச் சொல்கிறார்களோ, அடுத்த மேட்சுக்கு அவர்களையே கேப்டன் ஆக்கிவிடுவார். கையில் ஒரு மஞ்சள் பட்டை, அவ்வளவுதான். பிள்ளையை விடுங்கள், பெற்றவர்களைப் பார்க்க வேண்டுமே. போட்டோ என்ன, ஸ்டேட்டஸ் என்ன, ஊரிலிருக்கிற சித்தப்பாவுக்கு வீடியோ கால் என்ன! அதற்குப் பிறகு ஒரு சீசனுக்கு யாரும் படிவத்தைப் பற்றிப் பேச மாட்டார்கள். கேப்டன் நோட்டில் பெயர் எழுதுகிறது என் வேலை. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் என்ன கதை என்று டைரக்டர் சாருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மறைமலை நகரிலிருந்து தினேஷ் என்று ஒரு பையன் வருவான். அப்பாவுக்குக் கார் பார்ட்ஸ் செய்கிற கம்பெனியில் வேலை. ஷிப்ட் முடிந்த கையோடு பையனைக் கூட்டிக்கொண்டு தாம்பரம் வரை ட்ரெயின், அங்கிருந்து பஸ். வந்து சேர்ந்ததும் பையன் எங்கள் பெஞ்சில் படுத்துத் தூங்கிவிடுவான். எழுப்பித்தான் பூட்ஸ் மாட்ட வேண்டும். அந்த மனிதர் தானாகவே வந்து, பாவம் மேடம் பையன், நிறுத்திடலாம்னு பாக்கறேன் என்றார். நான் டிராயரைத் திறக்காமல் டைரக்டர் சாரிடம் சொன்னேன். அடுத்த வாரம் தினேஷ் கேப்டன். அப்பா கோட்டுக்கு வெளியே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பையன் அதற்குப் பிறகும் பெஞ்சில் தூங்கிக்கொண்டுதான் இருந்தான். என்ன முடிவு பண்ணினீர்கள் என்று அப்பாவை ஒரு நாள் கேட்டேன். அவர் சொன்ன பதிலை ஆபீஸில் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன், பொய் சொல்லவில்லை. அவர் சொன்னது இது: "இனிமே எப்டி மேடம் நிறுத்தறது? கம்பெனில எங்க லைன்ல நின்னுகினு இருந்த அத்தினி பேருக்கும் ஸ்வீட் குடுத்துட்டேனே."

சனிக்கிழமை வயிறு

தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்தது வயிற்றுவலி. அதாவது என் பெண் பெனிட்டாவுக்கு. பன்னிரண்டு வயது. மூன்று வருஷமாக எங்கள் பெண்கள் டீமில் லெஃப்ட் பேக். அம்மா ஆபீஸில் இருக்கிறாள், பெண் மைதானத்தில் இருக்கிறாள், என்ன வசதி பாருங்கள் என்று நானே எல்லோரிடமும் பெருமை பேசியிருக்கிறேன். ஞாயிறு காலை மேட்ச் என்பதால் நாங்கள் சர்ச்சுக்குப் போவதில்லை. சண்டே ஸ்கூல் டீச்சர் வழியில் பார்க்கும்போதெல்லாம், அஸ்தினாபுரத்துலதான் இருக்கீங்களா, இல்ல வீடு மாத்திட்டீங்களா என்று கேட்பார். அதற்கும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போயிருக்கிறேன்.

போன ஜூனிலிருந்து, சனிக்கிழமை சாயந்திரமானால் அவளுக்கு வயிறு வலிக்கும். ஓம வாட்டர் கொடுத்தேன், கேட்கவில்லை. ஹோட்டல் சாப்பாட்டை நிறுத்தினேன். பானி பூரிக்காரரைச் சபித்தேன், அவர் ஒரு பாவமும் அறியாதவர். கடைசியில் குரோம்பேட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அவர் அமுக்கிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், என்றைக்கெல்லாம் வலிக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். மாத்திரை எழுதித் தருவார் என்று நான் பையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "வயித்துல ஒண்ணும் இல்லம்மா. ஞாயித்துக்கிழமை இவளுக்கு என்ன இருக்கு?"

என் கையாலேயே எழுதினேன்

டாக்டருக்கு என்ன தெரியும் ஃபுட்பாலைப் பற்றி என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். இரண்டு நாள் கழித்து, இட்லியைப் பிட்டுக்கொண்டே பெனிட்டா சொன்னாள், ஃபுட்பாலை விட்டுடறேன்மா என்று. அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. நான்தான் கத்தினேன். ஆபீஸில் மற்றவர்களுக்குச் சொல்கிற பதில் நாலும் வரிசை மாறாமல் வாயில் வந்தது. அதோடு சேர்த்து, இத்தனை நாள் உன்னைக் கூட்டிக்கொண்டு அலைந்தேனே, ஆபீஸில் எனக்கு என்ன மரியாதை இருக்கும் என்றும் கேட்டேன். பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது? அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஸ்கூலுக்குப் போய்விட்டாள்.

ஆத்திரம் தாங்காமல் டைரக்டர் சாரிடமும் புலம்பினேன். வியாழக்கிழமை கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்கு பெனிட்டா பெயரைக் கேப்டன் நோட்டில் எழுதிவிடுங்கள் மேடம் என்றார். எழுதினேன். நீங்கள் என்னைக் காறித் துப்பினாலும் சரி, உண்மையைச் சொல்கிறேன்: சந்தோஷப்பட்டேன். அதே நோட்டில், அதே பேனாவில், எத்தனை பிள்ளைகளின் பெயரை எதற்காக எழுதினேன் என்று தெரிந்தவள் நான். ஆனால் என் பெண் பெயரை எழுதும்போது மட்டும், இவள் ஆட்டத்துக்காகக் கிடைத்தது இது என்று மனசு அடித்துச் சொன்னது. வீட்டுக்காரர் எட்வின் ஸ்கூல் வாத்தியார். அவருக்கு இந்த ஆபீஸ் ரகசியம் எதுவும் தெரியாது. தாம்பரம் மார்க்கெட் பக்கம் போய் ஒரு கேக் வாங்கி வந்து, அதை வெட்டிக்கொண்டே சொன்னார்: "விடறேன்னு சொன்ன பொண்ணைப் போய்க் கேப்டன் ஆக்கியிருக்காங்கன்னா, எவ்ளோ நல்லா ஆடியிருப்பா பாரு."

கட்டிப்பிடித்தது எதற்கு

ஞாயிறு மேட்சில் பெனிட்டா மஞ்சள் பட்டையோடு இறங்கினாள். விசில் ஊதுவதற்கு முன்னால் டீமில் ஒவ்வொருத்தியாக வந்து அவளைக் கட்டிப்பிடித்தார்கள். ஒருத்தி முதுகில் தட்டிக்கொடுத்தாள். எனக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. நாற்பது போட்டோ எடுத்திருப்பேன். அதில் ஒன்றில்கூட என் பெண் சிரிக்கவில்லை என்பதை அப்போது நான் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது செம்பாக்கத்தில் ஒரு தண்ணி லாரி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. வண்டியை ஆஃப் பண்ணினேன். பின்னாலிருந்து பெனிட்டா, நான் விடறேன்னு சொன்னதை டைரக்டர் சார்கிட்ட சொல்லிட்டியாம்மா என்று கேட்டாள். யார் சொன்னது என்றேன். யாரும் சொல்லவில்லையாம். விட்டுவிடுகிறேன் என்று யார் வீட்டில் சொல்கிறார்களோ அவர்கள் கையில்தான் பட்டை ஏறுகிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்து ரொம்ப நாளாகிறதாம். அதனால் யார் கையில் பட்டை ஏறினாலும், பாவம், நீயும் மாட்டிக்கிட்டியா என்று கட்டிப்பிடிப்பது அந்த டீமில் வழக்கமாம். நான் போட்டோ எடுத்தது துக்கம் விசாரித்ததை. லாரிக்காரர் நகர்ந்துவிட்டார், பின்னால் எல்லோரும் ஹாரன் அடிக்கிறார்கள், நான் வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் உட்கார்ந்திருக்கிறேன். என் தோளுக்குப் பின்னால் அவள் சொன்னாள்: "உனக்கு இதெல்லாம் தெரியாதுன்னுல்ல இவ்ளோ நாளா நெனச்சிட்டிருந்தேன்."

மறைமலை நகருக்கு ஒரு போன்

அந்த ராத்திரி அந்த நாற்பது போட்டோவையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். கோபம் யார்மேல் என்றே தெரியவில்லை. டைரக்டர்மேல் என்றால், நோட்டில் எழுதியது என் கை. மறுநாள் ஆபீஸுக்குப் போனதும் முதல் வேலையாக தினேஷின் அப்பாவுக்குப் போன் செய்தேன். பட்டையை எதற்காகக் கட்டினோம் என்று ஒளிக்காமல் சொன்னேன். பையனை உட்காரவைத்து அவனுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள், படிவம் நானே அனுப்புகிறேன் என்றேன். என்னை நாலு வார்த்தை ஏசுவார் என்று காதைத் தயாராக வைத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கம்பெனியில் மெஷின் சத்தம் குறைகிற இடத்துக்கு நடந்து போனார் போலிருக்கிறது. அப்புறம் மெதுவாகக் கேட்டார்: "அப்போ என் பையன் நல்லா ஆடலியா மேடம்?"

ஐந்தாவது கட்டம்

நன்றாகத்தான் ஆடுகிறான், ஆனால் ரொம்பக் களைத்திருக்கிறான் என்று சொல்லி வைத்தேன். சாயந்திரம் ஒரு விலகல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன். பெனிட்டாவிடம் கொடுத்து, காரணத்தில் எதற்கு டிக் போடட்டும் என்று கேட்டேன். அவள் நாலு கட்டத்தையும் படித்தாள். படிப்பு ஒழுங்காகத்தான் படிக்கிறாள். தூரம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டரே சொல்லிவிட்டார். வீடும் மாற்றவில்லை. எனக்குப் பிடிக்கலை, அது எங்க இருக்கு என்று கேட்டாள். ஆறு வருஷமாக அந்தப் படிவத்தைக் கையில் வைத்திருக்கிறேன், அது அங்கே இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவள் ஸ்கேலை எடுத்து, நாலாவதற்குக் கீழே ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டு, பக்கத்தில் "பிடிக்கவில்லை" என்று எழுதினாள். டிக் போடப் போனவளை இரு என்று நிறுத்திவிட்டு, தெருமுனை ஜெராக்ஸ் கடைக்கு ஓடி அம்பது காப்பி எடுத்து வந்தேன். அப்புறம்தான் பேனாவைக் கொடுத்தேன். பெற்றோர் கையெழுத்தும் நான்தான், ஆபீஸ் கையெழுத்தும் நான்தான்.

செவ்வாய்க்கிழமை அந்தக் கட்டு என் மேஜை மேல் இருப்பதை டைரக்டர் சார் பார்த்துவிட்டார். ஒரு தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் போட்டது இந்தக் கட்டம் என்று கேட்டார். போன வாரம் நீங்க கேப்டன் ஆக்கின பொண்ணு சார் என்றேன். முகம் கறுத்துவிட்டது. என் வேலை இருக்குமோ போகுமோ என்று நான் நிற்கிறேன். அவர் தாளை மேஜையில் வைத்துவிட்டு, ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு உண்மையைச் சொன்னார்: "இந்தக் கட்டத்தை வச்சா பாதி டீம் காலியாயிடும் மேடம்."

ஆறு வருஷ சர்வீஸில் என்னைத் தாண்டி விழுந்த முதல் கோல் என் பெண் போட்டது, அதற்குக் கை தட்டிய ஆளும் நான் ஒருத்திதான்.